கடைசி ரீல் பார்க்காத அண்ணை

பிள்ளைகள், போன சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஐந்து நிமிடம்கூட இராது. அதற்குள் பெரியவன் கதிரையை உதைத்தான், சின்னவள் அழுதாள். அந்த நேரம் பார்த்து என் தங்கை, உங்கள் மாமி, வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணா, இவையளுக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்லேல்லையோ?"

"எந்த ஆள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் சொல்லத் தொடங்க, கரண்ட் வந்துவிட்டது. நீங்கள் எழும்பிப் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகள் இருந்தால் மாமியிடம் கொடுத்துத் திருத்துங்கள். அவர்தானே ரீச்சர்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பெயர் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒருவருக்கு உதவி செய்தார் என்று தன் பெயரை யாரும் சொல்வதை அவரால் தாங்க முடியாது. யாருக்கு எதைக் கொடுத்தாலும் அந்த ஆள்தான் தனக்கு உதவி செய்வதுபோலக் கதையை மாற்றிவிடுவார். அப்படியொரு குணம்.

நாங்கள் சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியிலுள்ள தர்மபுரத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாமிக்குப் பதின்மூன்று. எங்கள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா, நான், மாமி, மூன்றே பேர். வரும் வழியில் நாங்கள் ஏறிவந்த உழவு இயந்திரப் பெட்டி ஒரு பள்ளக் கிடங்கில் சரிந்து, மாமியின் வலது முழங்காலில் எலும்பு உடைந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இரண்டு கிழமை கிடந்தோம். அந்த அண்ணை ஒருநாள் அங்கே வந்தார். நெடுத்த மனிதர், நாற்பது வயதிருக்கும், தனி ஆள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு கலவரத்தில் வீடு எரிந்து, குடும்பத்தோடு வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டிக் காணி பிடித்தவர்கள். வயல் செய்வார், வோட்டர் பம்ப் திருத்துவார். விறாந்தையில் கிடந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மாமியின் மாவுக்கட்டுக் காலையும் பார்த்துவிட்டு, அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, எங் காணியில ஒரு மூல சும்மா கெடக்கு. ஆள் நடமாட்டம் இல்லாம பாம்பு குடி வந்துருச்சு. நீங்க வந்து ஒரு கொட்டில் போட்டு இருந்தீங்கன்னா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். "பாம்பு கலைக்கவோ எங்களைக் கூப்பிடுறார்?" என்று என் காதுக்குள் கேட்டார். ஆனாலும் போனோம். நாங்கள் அங்கிருந்த காலம் முழுக்க ஒரு பாம்பைக்கூட நான் காணவில்லை.

மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். "பன்னி வந்து கிண்டிட்டுப் போவுது. பன்னி திங்கிறதுக்கு முந்தி நீங்க புடுங்கினா எனக்கு மனசு ஆறும்" என்பார். ஒரு நாள் முட்டை கொண்டு வந்தார். "இந்தக் கோழி வேற எடத்தில முட்ட போடுது, வளர்ப்புச் சரியில்ல. இத வீட்டுக்கு எடுத்தா எங் கோழிக்கெல்லாம் பழக்கம் கெட்டுப்போயிரும்."

இதை உண்மையென்று நம்பிய ஒரே ஆள் உங்கள் அப்பாவாகிய நான்தான்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தைவிட்டுக் கிளம்பிய அன்று ஒரே மழை. "அலுமாரிக்கு மேலை இருக்கிற நீலப் பாக்கை எடு" என்று அம்மா சொன்னார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். அலுமாரிக்கு மேலே இரண்டு நீலப் பாக் இருந்தன. நான் மற்றதை எடுத்தேன். கடலேரி கடந்து வந்து திறந்து பார்த்தால், உள்ளே கொழும்பு மாமா அனுப்பிய ரிவி கேம் இருந்தது. ஒரு பெட்டி, வயரோடு இரண்டு ரிமோட், ஒரே ஒரு கசற். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாததால் அதை ஒருநாள்கூட நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை. வன்னியிலும் கரண்ட் இல்லை. ஊர் முழுக்க ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய்க்கே வரிசை.

"சனம் அம்மிக்கல்லைக் கொண்டு வந்திருக்கு, ஆட்டுக்குட்டியைக் கொண்டு வந்திருக்கு. இவன் ரிவி கேம் கொண்டு வந்திருக்கிறான்" என்று அம்மா போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார்.

மாவுக்கட்டு வெட்டிய அன்று மாமியின் முழங்கால் உலக்கைபோல இருந்தது. ஒரு சொட்டுத்தான் மடியும். டொக்டர் அன்பான மனிதர்தான், ஆனால் பின்னால் நூறு பேர் நின்றார்கள். "தினமும் மடக்கி நீட்ட வேணும். நோகும். நோகுதெண்டு விட்டால் இப்பிடியே இறுகிப்போயிடும். பிறகு என்னாலையும் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

மாமி மடக்க மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா காலைத் தொட்டாலே கத்துவாள். அம்மா அழுவார், அவளும் அழுவாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முழங்கால் இறுகிக்கொண்டிருந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதை அண்ணை வேலிக்கு அங்கால் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

ஒருநாள் வந்து, "தம்பி, ஒங்க ஊட்ல என்னமோ கேம் இருக்குன்னு அம்மா சொன்னாங்களே, அதக் காட்டு" என்றார். கசற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தலைக்கவசம் போட்ட ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் சிவப்பு மலை, எரிகிற ஆகாயக் கப்பல், கால் நிறைய முளைத்த ஓர் இயந்திரம். ஓர் இங்கிலிஷ் படத்தை வைத்துச் செய்த விளையாட்டு என்று அடியில் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னேன்.

"அடக் கடவுளே, இந்தப் படமா?" என்று அவர் அப்படியே குந்திவிட்டார். "கொழும்புல பாத்தேன் தம்பி. கடைசி ரீல் ஓடுறப்ப கரண்ட் போயிருச்சு. டிக்கட்டக் கிழிச்சவன் வெளிய போங்கன்னுட்டான். அந்த ஆள் பொழச்சானா செத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ராத்திரியில தூக்கமில்ல எனக்கு."

ஒரு கிழமை கழித்து அவருடைய கொட்டிலில் ஒரு காட்சி. அவரிடம் இருந்த ஒரே சைக்கிளைத் தாங்கியில் ஏற்றி, பின் சில்லின் ரயரைக் கழற்றி, வெறும் றிம்மிலிருந்து ஒரு பெல்ற் போட்டுப் பழைய வாடகைக் கார் ஒன்றின் டைனமோவோடு பிணைத்திருந்தார். அதிலிருந்து ஒரு லொறிப் பற்றரிக்குக் கம்பி. அந்தப் பற்றரி அரைவாசி செத்தது, மிதித்துக்கொண்டிருந்தால்தான் உயிர் நிற்கும். அதன் ஆறு அறைகளிலும் கம்பி கொடுத்தால் ரிவிக்கு, நாலு அறையில் மட்டும் கொடுத்தால் கேம் பெட்டிக்கு. ரிவி, யாரோ பாரமென்று விட்டுவிட்டுப் போன சின்னக் கறுப்பு வெள்ளை. அதுவரை அதன்மேல் கோழி அடைகாத்தது.

"தம்பி வெளையாடணும். எனக்கு மிதிச்சா மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தார். "பாப்பா, நீ ஒரு உதவி செய்வியா? நோகாத காலால மட்டும் மிதி. மத்தக் கால இந்தப் பெட்டி மேல வச்சுக்க. எனக்கு அந்தக் கடைசி தெரியணும்."

தன்னிடம் ஒருவர் உதவி கேட்டு அவளுக்கு எவ்வளவோ நாளாகியிருக்கும். எல்லோரும் அவளுக்குச் செய்பவர்களாகவே இருந்தோம். ஏறி இருந்தாள்.

அந்தச் சின்னக் கண்ணாடியில் படம் வந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு புள்ளியாகத் தொடங்கி விரிந்தது. அம்மாகூடக் குசினியைவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நான் முதல் நாள் அரை நிமிடத்தில் மூன்று உயிரையும் விட்டேன்.

அவள் மிதிப்பது தளர்ந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி உள்ளே வரும். இன்னும் தளர்ந்தால் அணைந்து, எல்லாம் முதலிலிருந்து. படம் சுருங்கத் தொடங்கியதும் அண்ணை கத்துவார்: "பாப்பா, சொரங்கம் இடியுது! ஆளுங்க உள்ள இருக்காங்க, மிதி, மிதி!"

கதையும் அவர்தான் சொல்வார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கதை. நாங்கள் அந்தக் கட்டத்துக்குப் போகும்வரை வாய் திறக்க மாட்டார். சிவப்புக் கிரகத்தில் ஒரு சுரங்கம். அங்கே வேலைக்குக் கொண்டுபோன சனத்தைத் திரும்பிப் போக விடுகிறார்கள் இல்லை. தலைக்கவசக்காரன் அவர்களைக் கூட்டிவரப் போகிறான். கால் நிறைய முளைத்த இயந்திரம்தான் அங்கே கங்காணி. விடிய நாலு மணிக்குக் கொம்பு ஊதும். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வெட்டிய கல்லைக் கூடையில் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். தராசுக்காரன் ஈரக் கல்லென்று கழித்துவிடுவான்.

"கல்லிலை என்ன ஈரம்?" என்று மாமி மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"அதத்தான் பாப்பா அந்தச் சனமும் கேட்டுச்சு. கேட்டவன் பேர வெட்டிட்டாங்க, அன்னிக்குக் கூலி இல்ல."

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ நாங்கள் போனபோது காலை வைக்கிற பெட்டியைக் காணவில்லை. "கோழி அடைக்கப் பெட்டி இல்ல பாப்பா, எடுத்துட்டேன். நீ அந்தக் காலையும் சும்மா மிதிகட்டையில வச்சுக்க. அழுத்த வேணாம். அது தன்னால சுத்தும்."

வைத்தாள். மிதித்தாள். அரைச் சுற்றில் அவள் போட்ட கத்தலில் அம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

"என்ன காணும் செய்யிறீர்? என்ர பிள்ளையைக் கொல்லப் பாக்கிறீரோ? உமக்குப் படம் பாக்க என்ர பிள்ளையின்ர காலோ கிடைச்சது?"

அந்தக் காலத்தில் அம்மா அவரை "நீங்கள்" என்னாமல் "நீர்" என்றுதான் கதைப்பார். தோட்டத்து ஆள் என்ற எண்ணம் மனதில் இருந்தது. அவருடைய கொட்டிலில் அம்மா ஒரு வாய் தண்ணீரும் குடித்ததில்லை. எங்கள் சனத்தின் அந்தக் குணத்தை உங்களுக்கு மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அண்ணை எழும்பி நின்றார். டொக்டர் சொன்னதை அவர் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தாங்க அம்மா. நான் ஒரு சுயநலக்காரன். படம், படம்னு அலையிறேன். புள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மாமி இறங்கவில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

"அம்மா, சும்மா போங்கோ. மூண்டாங் கட்டத்திலை அந்தச் சனம் நிக்குது. நான் இறங்கினால் ஆர் அதுகளைக் கொண்டுவாறது?"

அன்றைக்குப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினாள். நான் எண்ணினேன். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் நின்று பார்த்தார்.

பிறகு பின்னேரம் நாலு மணியென்றால் அவள்தான் எங்களைக் கூப்பிடுவாள். ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று முன்னேறினோம். ஊர்ப் பிள்ளைகள் வந்து கூடும். நான் செத்தால் எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள். "அக்கா மிதிச்சுக் களைக்கிறா, இவர் ஓட்டைக்குள்ளை விழுறார்." மாமி மட்டும் திட்ட மாட்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "திருப்பிப் போடு" என்பாள்.

ஒருநாள் சீற் கிரீச்சென்று கத்துகிறதென்று நான் எண்ணெய் விடப் போனேன். சீற்றைத் தாங்கும் குழாயை இழுத்து எடுத்தபோது அதில் அரத்தால் போட்ட கோடுகள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக. கோட்டுக்குக் கோடு ஒரு நெல்மணி நீளம் இருக்கும். ஆக அடியில் இருந்தது பழைய கோடு, துருப்பிடித்தது. அதுதான் அவருடைய உயரம். மாமி முதலில் ஏறியபோது சீற் அந்த உயரத்தில்தான் இருந்தது, கால் நுனிதான் எட்டியது. இப்போது சீற் ஏழாவது கோட்டில் இருந்தது. சீற் பதியப் பதிய முழங்கால் கூட மடிய வேண்டும். எங்களுக்குத் தெரியாமல் அவர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கோடு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் வயலில் நின்றார். நான் அங்கேயே போய்க் கேட்டேன். "அண்ணை, சீற்றைப் பதிக்கிறீங்களோ?"

"ஆணி தேஞ்சு போச்சு தம்பி. தானா எறங்குது."

"தானாய் இறங்குறது நெல்லு வைச்சு அளந்த மாதிரி இறங்குமோ?"

அவர் வரப்பைக் கொத்திக்கொண்டிருந்தார். "பாப்பாகிட்ட சொல்லிராத. ஆணி வாங்கித் தாங்கன்னு கேக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அவருக்கு இருந்தது அந்த ஒரு சைக்கிள். வயல் இரண்டு கட்டை தூரம். இத்தனை நாளும் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தே போய் வந்திருக்கிறார். ஏனென்று யாரோ கேட்டபோது, சைக்கிள் ஓடினால் முதுகு பிடிக்கிறது என்று சொன்னவர். நான் அதையும் நம்பியிருந்தேன்.

"எந்தத் தியேட்டரிலை அண்ணை படம் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"மருதானையில."

"போன மாதம் வெள்ளவத்தை எண்டனீங்கள்."

"தியேட்டரு எங்கயா இருந்தா என்ன, கரண்ட் போனது போனதுதானே?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கொத்தத் தொடங்கினார்.

நாங்கள் கடைசியான ஆறாவது கட்டத்தை முடித்த அன்று மழைக்கால இருட்டு. முக்கால் மணித்தியாலம் அவள் ஓயாமல் மிதித்தாள். எனக்கு ஓர் உயிர்தான் மிச்சம். கங்காணி இயந்திரத்துக்கு எட்டுக் கால். ஒவ்வொன்றாகச் சுட்டு விழுத்த வேண்டும். கடைசிக் கால் விழுந்தபோது கூடிநின்ற பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன. தலைக்கவசக்காரன் கப்பலில் ஏறினான். சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சனம் அவனுக்குப் பின்னால் ஏறியது. கப்பல் மேலே போனது. இங்கிலிஷில் இரண்டு வரி வந்தது. பிறகு முதல் படம் திரும்பவும் வந்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ரிவியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நிலத்தில் குந்தியிருந்து, மேலும் கீழும் போய்வந்த அவளுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் திடுக்கிட்டு.

மாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "நீங்கள் பாக்கேல்லையோ? ஆருக்காக இவ்வளவு நாளும் மிதிச்சனான்?"

"கண்ணுல பூச்சி விழுந்துருச்சு பாப்பா. சரியா அந்த நேரம் பாத்து விழுந்துருச்சு. நாளைக்கு இன்னொருக்காக் காட்டு."

இரண்டாம் முறை நாங்கள் முடித்தபோது அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. மூன்றாம் முறை யாருடைய மாடோ பயிருக்குள் இறங்கிவிட்டதென்று எழும்பி ஓடினார். திரும்பி வந்து, "போச்சா?" என்று தலையில் கைவைத்தார். மாமி அவரைப் பார்த்தாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது முழுதாக மடிந்து மிதிகட்டையில் இருந்தது. குழாயில் கோடு போட இனி இடமில்லை. அவளுக்கு அன்றைக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்று நினைக்கிறேன். ஆனால் சொன்னது இதுதான்:

"ஓம் அண்ணை, போயிட்டுது. பாவம் நீங்கள். நாளைக்குக் கட்டாயம் பாக்கலாம்."

அம்மா அன்றைக்கு அவருடைய கொட்டிலுக்குள் வந்து, பலகையில் இருந்து, "தம்பி, ஒரு பிளேன்ரீ ஊத்துங்கோவன், களைக்குது" என்றார். அப்படிக் கதையை மாற்றுவதை அம்மாவும் அவரிடமிருந்து கொஞ்சம் பழகியிருந்தார். அவர் தேயிலையையும் சீனிப் போத்தலையும் தேடித் தேடி ஓடித்திரிந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அண்ணை இப்போது எங்கே என்று கேட்பீர்கள். தெரியாது. போர் நிறுத்தத்தில் பாதை திறந்த காலத்தில் தேடிப் போனேன், அவர் வயலுக்குப் போனவர் என்றார்கள், பின்னேரம்வரை நின்றும் காணவில்லை. கடைசிச் சண்டைக்குப் பிறகு திரும்பவும் போனேன். காணி இருந்தது. யாருக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மாமி எங்கே போனாலும் சைக்கிளில்தான் போவார், மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள். இனிச் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைத்துப் புறப்பட்ட அன்றைக்கு முதல்நாள் அம்மா அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் விடவில்லை. "நீங்க இருந்ததால பாம்பு வரல அம்மா. அந்த நன்றிய நான் எப்பிடி மறப்பேன்?" என்றார். விடிய எழும்பிப் பார்த்தால் அவர் வயலுக்குப் போய்விட்டிருந்தார். மண்வெட்டியைக் காணவில்லை. ஈர மண்ணில் கால் தடம் மட்டும் வாசல் படலைவரை போயிருந்தது.

உழவு இயந்திரம் வர இன்னும் நேரம் இருந்தது. அம்மாவும் மாமியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய கொட்டிலுக்குள் போனேன். பெல்ற்றைக் கழற்றினேன். கூரை வளையில், ஒரு துணியில் சுற்றி ரியூப்பும் ரயரும் இருந்தன. றிம்மிலே பெல்ற் தேய்த்த கறுப்பைத் துடைத்துவிட்டு, ரியூப்பை வைத்து ரயரைப் போட்டேன். பம்ப் இல்லை. பக்கத்து வளவில் போய் வாங்கிவந்து காற்றடித்தேன். சைக்கிளைத் தாங்கியிலிருந்து இறக்கினேன். சீற் ஆணியைத் தளர்த்தி, குழாயை இழுத்து, ஒவ்வொரு கோடாக உயர்த்திக்கொண்டு போனேன். துருப்பிடித்த அந்த அடிக் கோட்டில் நிறுத்தி, கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். பிறகு, வயலிலிருந்து வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, அவருடைய வாசலில் சாத்திவிட்டு வந்தேன்.